கச்சானில் பிளந்து வாடையில் ஒழுகும் கூரைக் கதவு

என்னுடையதைப் போன்ற 26 அடிப் பாய்ப்படகு ஒன்று விலை குறைந்து வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கல்முனை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நீளம், எடை, பாயின் பரப்பு எல்லாம் அவருக்குத் தெரியும். விற்பவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: படுக்கைக்கு நேர் மேலே இருக்கும் முன்பக்கக் கூரைக் கதவு.

நான் படகிலேயே குடியிருக்கிறேன். பாலமீன்மடுவுக்கும் கல்லடிக்கும் இடையே மட்டக்களப்பு வாவியில் நங்கூரம் போட்டிருக்கிறது. அடியில் இரட்டைக் கீல் (keel), அதாவது கீழே நீட்டிய இரண்டு தகடுகள், என்பதால் நீர் வற்றினாலும் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். கல்லடிப் பாலத்துக்குக் கீழே போகப் பாய்மரத்தைச் சாய்க்க வேண்டும். அதுவும் பெரிய வேலையில்லை.

நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். காற்று மாறினால் நான் கண்விழிக்கும் திசையும் மாறிவிடும். சித்திரையில் பகல் சூடேறியதும் கடலிலிருந்து கொண்டல் காற்று வரும். படகின் முன்பக்கமான அணியம் கிழக்கே திரும்பும். கூரைக் கதவைப் பாதி தூக்கி வைத்தால் காற்று வளைந்து நேராகப் படுக்கையில் இறங்கும். எந்த மின்விசிறியும் அதற்கு ஈடாகாது. இரவில் படகின் சுவரில் காதை வைத்தால், வாவியின் அடியில் இறால்கள் சொடுக்கும் ஓசை, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல இடைவிடாமல் கேட்கும். கரையில் வீடு வைத்திருக்கும் யாருக்கும் இது கிடைக்காது.

ஆனியில் கச்சான் பிடித்ததும் கதை மாறும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறி நம் பக்கம் இறங்கும் காற்று அது. அணியம் மேற்கே வவுணதீவுப் பக்கம் திரும்ப, அதே கதவு அனலை அள்ளி உள்ளே கொட்டுகிறது. காற்று கரையிலிருந்து வீசுவதால் கரையோரக் கடல் தட்டையாகக் கிடக்கும். பாசிக்குடா வரை ஓட்டிப் போக அருமையான காலம். அந்த நேரம் பார்த்து முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரி வெள்ளத்தில் வாய் திறக்கும்போதோ வெளியே கடல் கொந்தளிக்கும். இதற்குப் படகைக் குறை சொல்ல முடியாது.

கதவைக் குறை சொல்லலாம். அலுமினியச் சட்டத்தில் அக்ரிலிக் தகடு பதித்திருக்கிறார்கள். வெயிலில் அக்ரிலிக் அலுமினியத்தைவிட ஏறத்தாழ 3 மடங்கு விரியும். கச்சான் வெயிலில் பகலெல்லாம் விரிந்து இரவில் சுருங்கி, இரண்டையும் ஒட்டியிருக்கும் பசை விளிம்பில் கிழிகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஐப்பசியில் முதல் மழைதான் காட்டிக்கொடுக்கும். அணியம் இப்போது வடகிழக்கே. வாடை மழை கதவில் நேராக அறைகிறது. நீர் புகுந்த இடத்திலேயே சொட்டுவதுமில்லை. சட்டத்துக்குள் ஓடித் தலையணைப் பக்கத்து மூலையில் விழுகிறது. அதைப் பார்த்து எல்லோரும் கதவின் விளிம்பில் உள்ள ரப்பர் பட்டியைக் குற்றம் சொல்கிறார்கள்.

நான் கொடுத்த பட்டறையும் அதையே செய்தது. தகட்டைக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி மீண்டும் பதியுங்கள் என்று சொன்னேன். ரப்பரை மாற்றிக் காசு வாங்கினார்கள். மறுபடியும் ஒழுக்கு, மறுபடியும் ரப்பர். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்களே அடிப்பகுதியில் செய்த ஃபைபர் வேலை ஒரு மயிரிழைகூடப் பிளக்கவில்லை. ஆனால் நனைந்த மெத்தையில் படுத்திருப்பவனுக்கு அந்த நியாயம் ஆறுதலாக இல்லை. நண்பர் செய்ய வேண்டியது இது: சட்டத்தின் உட்புறம் முகப்பவுடரைத் தூவிவிட்டு, மேலே வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் வரும் வழி பவுடரில் கோடாக விழும். அதற்கு மேல் எந்தப் பட்டறையும் வாதாட முடியாது.

இத்தனைக்கும் மாரிதான் எனக்குப் பிடித்த காலம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறந்தால் வாவி கலங்கி, உப்புக் குறைந்து, நன்னீராகும். படகின் அடியில் ஒட்டிய சிப்பிகள் செத்துப்போகும். கோடையில் உயிரை வாங்கிய ஓடுகளைச் சுரண்டி எடுப்பது அப்போது எளிது. இறால்களின் சொடுக்கு அடங்கிவிடும். மிதந்து வரும் ஆற்றுவாழைக் கூட்டம் நங்கூரக் கயிற்றில் சிக்கி, காலையில் ஒரு சிறு தோட்டமே அணியத்தைச் சுற்றி நிற்கும். அதைத் தடியால் தள்ளிவிடுவது சலிக்காத வேலை. தாழமுக்கம் என்று வானொலி சொன்னால் மட்டும் இரண்டாவது நங்கூரத்தையும் போட்டுவிட்டுக் கரைக்குப் போய்விடுவேன். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் வாழும் ஊரில் அதற்கு மேல் துணிவு காட்டக் கூடாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நேற்றிரவும் மெத்தை நனைந்தது. விலை குறைந்ததற்குக் காரணம் அந்தக் கதவாகவும் இருக்கலாம். பார்த்தே ஆக வேண்டுமென்றால் மார்கழியில், அடைமழை நாளில் போங்கள். அணியத்துப் படுக்கையில் ஒரு மணி நேரம் மல்லாந்து படுங்கள். சித்திரையில் மட்டும் போகாதீர்கள். கொண்டல் இறங்கும் நேரத்தில் அங்கே படுத்தால் விலைகூடப் பேசாமல் வாங்கிவிடுவீர்கள்.