கேஸ் ஃபேன் வேகம்: பயாஸிடம் விடலாமா, சாஃப்ட்வேரிடம் விடலாமா?

கம்ப்யூட்டர் கேஸுக்கு (பெட்டிக்கு) முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஃபேன்களை மாட்டியாயிற்று. இனி அவற்றின் வேகத்தை யார் தீர்மானிப்பது? மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலான பயாஸா, விண்டோஸில் ஓடும் ‘ஃபேன் கண்ட்ரோல்’ போன்ற சாஃப்ட்வேரா? இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் பயாஸில் நிலைத்துவிட்டேன்.

எதைத் தேர்ந்தாலும் இணைப்பு சரியாக இருக்க வேண்டும். மூன்று பின் ஃபேனை, பிடபிள்யூஎம் முறையில் (நான்காவது பின் வழியே வேகத்தைச் சொல்லும் முறை) இருக்கும் ஹெடரில், அதாவது மதர்போர்டில் ஃபேன் செருகும் இடத்தில், செருகினால் அது எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். பயாஸில் அந்த ஹெடரை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் டிசி முறைக்கு மாற்ற வேண்டும். ஒரு ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும். 0.2 ஆம்பியர் ஃபேன் மூன்றைப் பிரிப்பான் கேபிளில் போட்டால் 0.6 ஆகும், பிரச்சினையில்லை. 1 ஆம்பியருக்கு மேல் போனால், பவர் சப்ளையின் சாட்டா கேபிளிலிருந்து மின்சாரம் எடுத்துப் பல ஃபேன்களுக்குப் பிரிக்கும் ஹப் வாங்குங்கள். ஹப்பில் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே மதர்போர்டுக்குத் தெரியும். மற்றொன்று நின்றுபோனாலும் திரையில் காட்டாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சாஃப்ட்வேரின் பலம் ஒன்றுதான், ஆனால் அது பெரியது: கிராபிக்ஸ் கார்டின் வெப்பத்தைப் படித்து கேஸ் ஃபேன்களை ஓட்டும். கேம் ஓடும்போது 250 வாட் வெப்பத்தைக் கார்டுதான் கக்குகிறது. சிபியு 60 டிகிரியில் நிதானமாக இருக்கும். சிபியுவை மட்டும் பார்க்கும் பயாஸ், உள்ளே காற்று கொதித்தாலும் கேஸ் ஃபேனை மெதுவாகவே விட்டுவைக்கும். பெரும்பாலான பயாஸ்களால் தனி கார்டின் வெப்பத்தைப் படிக்க முடியாது.

அப்புறம் ஏன் பயாஸ்? ஒருமுறை அமைத்த பிறகு அது எவ்வளவு கவனிப்பு கேட்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. சாஃப்ட்வேர், விண்டோஸ் எழுந்து தானும் தொடங்கிய பிறகுதான் வேலை செய்யும். அது தொங்கிவிட்டால் ஃபேன் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே நிற்கக்கூடும். அந்த வேகம் 30 சதவீதமாக இருந்து நீங்கள் வீடியோ ரெண்டர் போட்டுவிட்டு எழுந்து போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சென்சாரைப் படிக்க அதற்கு ஆழமான அனுமதி கொண்ட டிரைவரும் வேண்டும். இப்படிப்பட்ட பல சாஃப்ட்வேர்கள் நம்பியிருந்த ‘வின்ரிங்0’ டிரைவரை, அதன் பாதுகாப்பு ஓட்டைக்காக 2025 மார்ச்சில் விண்டோஸ் டிஃபெண்டர் தடுக்கத் தொடங்கியது. மதர்போர்டு நிறுவனத்தின் சாஃப்ட்வேரும் கூடவே ஓடினால் இரண்டும் ஃபேனை ஓட்டும் ஒரே சிப்புக்கு ஆளுக்கொரு உத்தரவு போடும். ஃபேன் காரணமில்லாமல் ஏறி இறங்குவதற்கு அடிக்கடி இதுவே காரணம். பயாஸில் அமைத்தால் போர்டில் உள்ள சிப்பே பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் தொங்கினாலும், லினக்ஸ் போட்டாலும் அதே வேகக்கோடுதான், அதாவது எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகம் என்று நாம் போட்டுவைத்த கோடு.

பயாஸுக்கும் பராமரிப்பு உண்டு. பயாஸ் அப்டேட் செய்தால் அமைப்புகள் பெரும்பாலும் அழிந்துவிடும். சேமித்த புரொஃபைல் புதிய பதிப்பில் ஏறாமலும் போகலாம். அதனால் ஃபேன் அமைப்புத் திரையை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அப்போதெல்லாம் மதர்போர்டின் கடிகாரத்தை அதில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரிதான் சுமக்கிறது. தேதியும் நேரமும் மாறியிருந்தால் பேட்டரியை மாற்றிவிட்டு ஃபேன் அமைப்பையும் சரிபாருங்கள்.

கார்டின் வெப்பத்துக்கு வழி? சில போர்டுகளில் வெப்ப சென்சாருக்கென்றே இரண்டு பின் ஹெடர் இருக்கும், கையேட்டில் தேடுங்கள். அதற்கு 10 கிலோஓம் தெர்மிஸ்டர் (வெப்பத்தை அளக்கும் சிறு சென்சார்) கம்பி போதும். கார்டுக்கும் சிபியு கூலருக்கும் நடுவே, எந்த உலோகத்தையும் தொடாமல் காற்றில் நிற்கும்படி அதைக் கட்டுங்கள். பயாஸில் கேஸ் ஃபேன் எதைப் பார்த்து ஓட வேண்டும் என்ற மூலமாக இதையே தேர்ந்தெடுங்கள். தொடக்கத்துக்கு 38 டிகிரியில் 35 சதவீதம், 45இல் 55, 52இல் 85 என்று வைக்கலாம். காற்றின் வெப்பம் மெதுவாகத்தான் மாறும். அதனால் பிரவுசர் திறந்ததும் ஃபேன் உறுமும் தொல்லையும் இல்லை. ஏசி இல்லாத அறையில் டிசம்பரில் போட்ட கோடு மே மாதத்தில் சும்மா இருக்கும்போதே சத்தம் போடும். கோடையில் எல்லாப் புள்ளிகளையும் 5 டிகிரி வலப்பக்கம் நகர்த்திவிடுங்கள்.

அந்த ஹெடர் இல்லையென்றால் மதர்போர்டு வெப்பத்தை மூலமாக வைக்கலாம். சிபியு கூலர் ஃபேன் மட்டும் சிபியுவைப் பார்க்கட்டும். அதற்கு ஏற, இறங்கத் தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் சில நொடிகள் கொடுங்கள்.

சாஃப்ட்வேரைச் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். வேகத்தை ஐந்தைந்து சதவீதமாகக் குறைத்துக்கொண்டே போய், ஃபேன் எங்கே நிற்கிறது, எந்த வேகத்தில் கேஸ் அதிர்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த எண்களைத் தவிர்த்து பயாஸில் கோடு போடுங்கள். பிறகு சாஃப்ட்வேரை நீக்கிவிடலாம்.

சென்சார் ஹெடரும் இல்லை, சிறிய கேஸில் பெரிய கார்டு என்றால் சாஃப்ட்வேரையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயாஸிலும் ஒரு பாதுகாப்பான கோட்டைப் போட்டு வையுங்கள், சாஃப்ட்வேர் தொடங்காத நாளில் அதுதான் கைகொடுக்கும். தண்ணீர்க் குளிர்விப்பு இருந்தால், தயாரிப்பாளர் வேறு சொல்லாதவரை பம்ப்பை எந்தக் கோட்டிலும் சேர்க்காமல் முழு வேகத்தில் விடுங்கள்.