எட்டு பவுண்டுக்கு வந்த முகமில்லாத தாமஸ்

2016 கோடையில், இங்கிலாந்தில் நான் இருக்கும் பீட்டர்பரோவுக்கு வெளியே ஒரு வயலில் ஞாயிறு காலைகளில் கூடும் கார் பூட் சந்தையில்தான் அது கிடைத்தது. வீட்டில் வேண்டாத சாமானைக் கார் டிக்கியில் அடுக்கிவைத்து விற்பார்களே, அந்தச் சந்தை. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கும் உடைந்த லெகோவுக்கும் நடுவே நீல எஞ்ஜின் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. பக்கவாட்டில் மஞ்சளில் ஒன்றாம் நம்பர். குழந்தைகள் கதையில் வரும் பேசும் ரயில் எஞ்ஜின் தாமஸ், ஹார்ன்பி என்ற மாடல் ரயில் கம்பெனி செய்தது. முகம் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வட்டமும் காய்ந்த பசையும்தான் மிச்சம். விற்ற பெரியவர் எட்டு பவுண்டு என்றார். முகம் இல்லையே என்றேன். "முகம் இல்லாவிட்டாலும் ஓடும்" என்றார்.

ஓடத்தான் செய்தது. ஆனால் நான்கு வயது மகள் அதைக் கையில் வாங்கி, முன்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எப்படிப் பேசும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இன்று பின்னறையில் ஆறடிக்கு நாலடிப் பலகை, பதினான்கு எஞ்ஜின்கள், ஒரு அலமாரி நிறைய பெயின்ட், இருபத்து மூன்று முகங்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு தாமஸிடமிருந்து தப்புவதும் கஷ்டம். இங்குள்ள நீன் வேலி ரயில்வேயில் நிஜமாகவே தாமஸ் என்ற பெயரில் ஒரு நீராவி எஞ்ஜின் இருக்கிறது. லீட்ஸ் நகரின் ஹட்ஸ்வெல் கிளார்க் கம்பெனி 1947-இல் கட்டிய அந்த எஞ்ஜின், பீட்டர்பரோ சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தது. அதற்குப் பெயர் சூட்டியவர் தாமஸ் கதைகளை எழுதிய பாதிரியார் வில்பர்ட் ஆட்ரியேதான், 1971-இல்.

தொடரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆட்ரி தன் மகன் அம்மை போட்டுப் படுத்திருந்தபோது சொன்ன கதைகள் 1945-இலிருந்து புத்தகங்களாயின. பிரிட் ஆல்கிராஃப்ட் அவற்றைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர, 1984 அக்டோபரில் பிரிட்டனில் ஒளிபரப்பு தொடங்கியது. முதலில் கதை சொன்ன குரல் பீட்டில்ஸ் புகழ் ரிங்கோ ஸ்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் தாமஸே கடையில் வாங்கியதல்ல. ஆட்ரி துடைப்பக் கட்டையையும் மரத்துண்டுகளையும் வைத்து மகனுக்குச் செய்து கொடுத்த பொம்மை. தொலைக்காட்சியில் ஓடியவையும் நிஜ மாடல்கள்தான்: 45 மி.மீ. தண்டவாளம், முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. கண்கள் ரிமோட்டில் அசையும், வாய் அசையாது. சிரிப்புக்கு ஒரு முகம், கோபத்துக்கு ஒரு முகம், திருட்டு முழிக்கு ஒரு முகம் என்று செய்து வைத்துக்கொண்டு காட்சிக்குக் காட்சி மாற்றி மாட்டினார்கள். 2009-இல் எல்லாம் கணினி வரைகலைக்குப் போய்விட்டது. அந்தப் பழைய பகுதிகளை இப்போது பார்த்தாலும், அசையாத அந்த வாய்தான் பேசுவது போல எனக்கு இருக்கும்.

சரி, அளவு விஷயத்துக்கு வருகிறேன். நான் சேர்ப்பது டபுள் ஓ. 16.5 மி.மீ. தண்டவாளம், நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. ஹார்ன்பி 1985-இல் இந்த அளவில் தாமஸ் வரிசையைக் கொண்டுவந்தது. பாக்மேன் என்ற இன்னொரு மாடல் ரயில் கம்பெனி 2002-இல் ஆரம்பித்தது, முதன்மையாக அமெரிக்கச் சந்தைக்கு. இரண்டும் அதே தண்டவாளத்தில், 12 வோல்ட் டிசியில் ஓடும். எஞ்ஜினையும் பெட்டிகளையும் இணைக்கும் கொக்கியை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். என் மச்சினன் நியூஜெர்சியிலிருந்து வந்தபோது பாக்மேன் செட் ஒன்றைத் தூக்கிவந்தான். பெட்டியைப் பிரித்த உற்சாகத்தில் அதோடு வந்த கன்ட்ரோலரை, அதாவது மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து எஞ்ஜினை ஓட்டும் பெட்டியை, ஒரு அடாப்டர் வைத்து இங்குள்ள சுவரில் செருகப் போனேன். அது 120 வோல்ட்டுக்கானது, இங்கே 230. நல்லவேளை, ஸ்விட்சைப் போடும் முன் மனைவி பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். அங்கிருந்து வாங்கிவரச் சொல்பவர்கள் எஞ்ஜினையும் ரயில் பெட்டிகளையும் மட்டும் சொல்லுங்கள்.

பாக்மேன் எஞ்ஜின்களில் கண் அசையும். சக்கர அச்சோடு இணைந்த ஒரு நெம்பு, எஞ்ஜின் நகர நகர கண்களை இடமும் வலமும் தள்ளும். பகலில் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது அதுதான் உயிர். ராத்திரி பதினோரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து ஓட்டும்போது, ஜேம்ஸ் என்ற எஞ்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போவது கொஞ்சம் சங்கடம். ஒரு எஞ்ஜினில் மட்டும் அந்த இணைப்பைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

இனி, மாற்றி அமைக்கும் கதை. சாதாரண மாடல் எஞ்ஜினைக் கதை எஞ்ஜினாக முதல் முறை மாற்றுபவர்களுக்கு நான் சொல்வது டக். கதையில் பச்சை நிறத்தில் வரும் எட்டாம் நம்பர். அவன் கற்பனை எஞ்ஜின் அல்ல. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை பேனியர் டாங்க், அதாவது கொதிகலனின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி மாட்டிய எஞ்ஜின். அந்த வகையில் 800-க்கு மேல் கட்டினார்கள், அதனால் டபுள் ஓ-வில் பழைய பேனியர் டாங்குக்குப் பஞ்சமே இல்லை. எனக்கு 25 பவுண்டுக்கு ஒன்று கிடைத்தது. செய்ய வேண்டியது: முன்பக்கப் புகைப்பெட்டிக் கதவின் கைப்பிடியைக் கத்தியால் சீவி, அரத்தால் மட்டமாக்கி, அதன்மேல் முகத்தை ஒட்டி, பக்கவாட்டு எண்ணைத் துடைத்து 8 போட வேண்டும். அவ்வளவுதான். பெயின்ட் வேலைகூட அனேகமாக இல்லை.

அதிலும் நான் கோட்டைவிட்டேன். முகத்தை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் டக்குக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்தப் பசையின் ஆவி பக்கத்துப் பரப்புகளில் படிந்து வெள்ளைப் பூஞ்சை போல ஆகிவிடும் என்று அப்போது தெரியாது. "டக் தாத்தாவாயிட்டான்ப்பா" என்றாள் மகள். மேலே மெல்லிசாக வார்னிஷ் பூசியதும் பாதி தெளிந்தது, மீதி இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து முகத்துக்கு ப்ளூ டாக் என்ற ஒட்டுமாவு மட்டும்தான். கையால் அழுத்தினால் ஒட்டும், இழுத்தால் வரும். அதனால் இன்னொரு லாபமும் வந்தது: தொலைக்காட்சிக்காரர்கள் மாதிரியே நானும் முகத்தை மாற்ற முடிகிறது. பள்ளியில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில் மகள் எல்லா எஞ்ஜினுக்கும் கோப முகத்தை மாட்டி வைத்திருப்பாள். நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்.

அந்த முகங்களில் சில 3டி பிரின்டில் வந்தவை, பெரும்பாலானவை நானே வார்த்தவை. நல்ல முகம் ஒன்றைச் சிலிக்கானில் அச்செடுத்து, இரண்டு திரவங்களைச் சம அளவில் கலந்து ரெசின் ஊற்றினால் அரை மணியில் கெட்டியாகிவிடும். மூக்கு நுனியில்தான் எப்போதும் காற்றுக் குமிழி நிற்கும். அச்சில் முதலில் மூக்குக்கு மட்டும் ஒரு சொட்டு விட்டு, பல்குத்தியால் கிளறிவிட்டு, அப்புறம் மீதியை ஊற்றுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது மூக்கறை தாமஸ்கள் ஆயின. வார்த்ததை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். விற்கக் கிளம்பினால் உரிமைப் பிரச்சினை.

முகம் ஐந்து பென்ஸ் காசைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. சாம்பல் அடித்து, கன்னத்துக் குழிகளில் தண்ணியான கறுப்பை ஓடவிட்டு, உடனே துடைத்தால் பாதி வேலை முடிந்தது. கண்ணில் வெள்ளை, அதன்மேல் கறுப்புப் பொட்டு. இந்தப் பொட்டை வைக்கத் தூரிகை உதவாது, பல்குத்தியின் முனைதான். பொட்டு மேல் இமையைத் தொட்டால் எஞ்ஜின் ஏதோ திட்டம் போடுகிறது. இமைக்கும் பொட்டுக்கும் நடுவே வெள்ளை தெரிந்தால் பேயைப் பார்த்துவிட்டது. இரண்டு பொட்டும் மூக்குப் பக்கம் அரை மில்லிமீட்டர் நெருங்கினால் போதும், கதையில் வரும் கார்டன் என்ற எஞ்ஜின் போன்ற கர்வக்காரன்கூட அசடாகிவிடுவான்.

சிவகங்கைப் பக்கம் என் அம்மாவின் ஊரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பார்கள். வேளார் செய்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். உடம்பு, சேணம், மணி எல்லாம் முடிந்திருக்கும், கண் மட்டும் கடைசியில்தான் திறப்பார்கள். அதுவரை அது மண். அப்புறம் அதன் எதிரே கால் நீட்டி உட்காரக் கூடாது என்று பாட்டி அதட்டுவாள். ஒவ்வொரு எஞ்ஜினுக்கும் பொட்டு வைக்கும்போது அந்த ஞாபகம் வராமல் போனதில்லை. கையை மேஜை விளிம்பில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைப்பேன். தப்பினால் அக்ரிலிக் காய்வதற்குள் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும்.

மாடல் ரயில்காரர்களில் ஒரு சாரார் இதையெல்லாம் பார்த்து முகம் சுளிப்பார்கள். நிஜ எஞ்ஜினின் ஆணி எண்ணிக்கைகூடத் தப்பக் கூடாது என்கிற கட்சி அது. அவர்களிடம் நான் சொல்வது ஹென்றி என்ற எஞ்ஜினின் கதை. ஆரம்பப் புத்தகங்களில் ஓவியர் ஹென்றியைக் கிட்டத்தட்ட கார்டன் மாதிரியே வரைந்துவிட்டார். தானே மாடல் ரயில் கட்டி கண்காட்சிகளில் வைத்த ஆட்ரிக்கு அது பொறுக்கவில்லை. என்ன செய்தார்? 1951-இல் வந்த கதையில் ஹென்றியை விபத்தில் சிக்கவைத்து, க்ரூ பணிமனைக்கு அனுப்பி, பிளாக் ஃபைவ் என்ற நிஜ வகையின் உருவில் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆசிரியரே எஞ்ஜினைப் பிரித்துக் கட்டியிருக்கும்போது நமக்கென்ன.

டிசிசி, அதாவது எஞ்ஜினுக்குள் டிகோடர் என்ற சிப்பை வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை, போடலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஐந்து எஞ்ஜின்களுக்குப் போட்டேன். டிகோடரின் வயர்களில் சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாரின் இரண்டு முனையும் உலோக அடிச்சட்டமான சேசிஸைத் தொடாமல் தனியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தபிறகே சால்டரிங். ஒரு தடவை பார்க்காமல் செய்தேன், டிகோடர் புகைந்தது. நேர்மையாகச் சொன்னால் வட்டமடிக்கும் தாமஸுக்கு டிசிசி ஆடம்பரம். சாதா கன்ட்ரோலரும் இரண்டு மூன்று ஸ்விட்சும் போதும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. மாதம் ஒரு முறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளம், அதே துணியை விரித்து அதன்மேல் சக்கரத்தை ஓடவிட்டுச் சுத்தம். எண்ணெய் ஊசி முனை அளவு. பழைய எஞ்ஜின்களில் பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் வெடிக்கும். என்னிடம் ஒரு எஞ்ஜின் சுற்றுக்கு ஒரு தடவை நொண்டி நொண்டியே ஓடியது, திறந்தால் மயிரிழை அளவு விரிசல். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, வயது அப்படி. பழையது வாங்கும்போது மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வேகமாக ஓடினால் நொண்டல் தெரியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு மர தாமஸ் பழையதாக வாங்குபவர்களுக்கு ஒன்று: 2007 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 15 லட்சம் மர எஞ்ஜின்களையும் துணைப்பொருட்களையும் திரும்பப் பெற்றார்கள். சிவப்பு, மஞ்சள் பெயின்டில் ஈயம் இருந்ததுதான் காரணம். அந்தக் காலத்துச் சிவப்பு எஞ்ஜின் மலிவாகக் கிடைத்தால் வாயில் வைக்கும் வயசுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

நான் வருத்தப்படுவது ஒன்றே ஒன்று. பின்னால் விலை ஏறும் என்று நம்பி பெட்டி பிரிக்காமல் வாங்கி வைத்த இரண்டு எஞ்ஜின்கள். 180 பவுண்டு. ஆறு வருடமாக அலமாரி மேல் இருக்கின்றன. போன மாதம் ஒன்றைப் பிரித்துவிட்டேன். உள்ளே கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிப்போயிருந்தது.

இப்போது மேஜையில் இருப்பது ஆஷிமா. 2016-இல் தொடரின் படமொன்றில் இந்தியாவிலிருந்து வந்த எஞ்ஜினாக அறிமுகமானவள். அவளுக்கு மூலம் நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை. கோயம்புத்தூரில் வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும். நான் தேடியவரை டபுள் ஓ-வில் கிடைக்கவில்லை, ஆகவே கட்டுகிறேன். கிரேட் வெஸ்டர்ன் 7200 வகை டாங்கின் சேசிஸில் முன் சக்கர ஜோடியைக் கழற்றினால் எக்ஸ் வகையின் சக்கர அமைப்பு வந்துவிடும்: எட்டு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னது. நீலகிரி எஞ்ஜினின் குட்டிச் சக்கரத்தோடு பார்த்தால் இது பெரிசுதான், விட்டுவிட்டேன். பக்கத்துக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் வேண்டும். மேலே உள்ளது பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு. போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது மேட்டுப்பாளையத்தில் கீழே குனிந்து குனிந்து போட்டோ எடுத்தேன். "ஏனுங்க, ரயில்வேயில வேலைங்களா?" என்று ஒருவர் விசாரித்தார். பொம்மைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாங்க என்றுவிட்டேன்.

உடம்பு முடிந்துவிட்டது. பூ வேலைப்பாட்டை டெக்கால் என்ற மெல்லிய ஒட்டுப்படமாக அடித்து ஒட்டியதும் ஆயிற்று. முகம் மட்டும் மூன்று வாரமாக சாம்பல் நிறத்தில், கண் வைக்காமல் ஒரு குச்சியில் குத்தி நிற்கிறது. மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது, இந்த அறைக்கு வருவதே அபூர்வம். நேற்று சார்ஜர் தேடி வந்தவள் அதைப் பார்த்துவிட்டு நின்றாள். "இந்தக் கண்ணை நான் வைக்கட்டுமாப்பா?" என்றாள். பல்குத்தி டப்பாவை நகர்த்தி வைத்தேன். "இன்னைக்கு இல்ல, சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு, சார்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.