எஃப்டி8-க்கு எந்த சவுண்ட் கார்டு? லேப்டாப் ஜாக் முதல் ரிக்கின் சொந்த யூஎஸ்பி வரை

எஃப்டி8 போன்ற டிஜிட்டல் மோடுக்கு (கணினி உண்டாக்கும் ஒலியில் செய்தி அனுப்பும் முறை) வரும் ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரர்) முதலில் கேட்பது "எந்த சவுண்ட் கார்டு தரமானது?" என்றுதான். கார்டின் தரம் இங்கே கடைசிப் பிரச்சினை. எஸ்எஸ்பி (ஒற்றை சைடுபேண்ட்) ரிசீவரிலிருந்து வருவது 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும் ஒலி. எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் அதை வினாடிக்கு 48,000 சாம்பிளில் வாங்கி, 12,000-ஆகக் குறைத்துத்தான் டிகோட் செய்கிறது. 16 பிட் கார்டே தாராளம். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கார்டுக்கு வேலை இருப்பது ஐக்யூ வெளியீடு (பேண்டின் ஒரு துண்டையே இரண்டு சேனலில் கணினிக்குக் கொடுப்பது) தரும் எஸ்டிஆர் (மென்பொருள் வழி இயங்கும்) ரிசீவரில். அங்கே சாம்பிள் வேகம்தான் திரையில் தெரியும் பேண்டின் அகலம். எஃப்டி8-க்கு அதை வாங்கினால் ஒரு ஸ்டேஷன்கூடக் கூடுதலாக விழாது.

வித்தியாசம் வருவது மூன்று இடங்களில்: பிடிடி (டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சுவிட்ச்) எப்படி விழுகிறது, ரிக்கின் (டிரான்ஸ்சீவரின்) எர்த்தும் கணினியின் எர்த்தும் ஒட்டிக்கொள்கின்றனவா, லெவல் யார் கையில் இருக்கிறது.

லேப்டாப்பின் ஜாக்

செலவு இல்லாத வழி. ரிசீவுக்கு மட்டும் என்றால் இதுவே போதும்; ரிக்கின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ஒரு வயர் இழுத்தால் எஃப்டி8, பிஎஸ்கே31 (தட்டச்சு செய்து உரையாடும் மோடு), விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அவ்வப்போது அனுப்பும் எஸ்எஸ்டிவி (ஒலியாக வரும் நிலைப் படம்) படங்கள் எல்லாம் கிடைக்கும்.

முதல் சிக்கல் ஜாக்கிலேயே இருக்கிறது. இன்றைய லேப்டாப்களில் மைக், ஹெட்போன் இரண்டுக்கும் ஒரே நாலு முனை ஜாக்தான். மைக் முனையில் ஒரு டிசி வோல்டேஜ் நிற்கும். செருகியிருப்பது மைக்தானா என்று லேப்டாப் அதை வைத்தே பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சுருளை நேராகக் கோர்த்தால் அந்த டிசி ஷார்ட் ஆகி, "வெறும் ஹெட்போன்" என்று முடிவுகட்டி உள்ளே இருக்கும் மைக்கையே லேப்டாப் தொடர்ந்து கேட்கும். டிகோட் விழும், ஆனால் ஸ்பீக்கர் சத்தத்தை அறை வழியாகக் கேட்டு விழும். மின்விசிறியை நிறுத்தியதும் டிகோட் கூடினால் காரணம் இதுதான். மைக் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிக்னல் பாதையில் 1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் வைத்தால் லேப்டாப் மைக்கை ஒத்துக்கொள்ளும்.

அடுத்தது டிரான்ஸ்மிட் லெவல். ஹெட்போன் வெளியீடு சுமார் 1 வோல்ட்; ரிக்கின் ஆறு முனை டேட்டா ஜாக் கேட்பது 30–40 மில்லிவோல்ட், அதுவும் உச்சிக்கு உச்சி. விண்டோஸில் வால்யூமை 3 சதவீதத்துக்கு இறக்குவதுதான் பலரும் செய்வது. சிக்னல் இறங்கும், ஆனால் கார்டின் இரைச்சலும் சார்ஜரின் முனகலும் அதே அளவில் நிற்கும். அவை சிக்னலோடு காற்றில் போகும். தொடரில் 10 கிலோ ஓம், குறுக்கே 100 ஓம் வைத்து நூறில் ஒன்றாகக் குறைத்தால் வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்தே ஓட்டலாம். இரண்டு ரெசிஸ்டர்தான் செலவு.

எர்த்தை நம் ஊரில் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு பின் சார்ஜர் செருகிய லேப்டாப்பின் உலோக உடம்பைத் தடவினால் சுருக்கென்று ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் வழியாக மெயின்ஸில் பாதியளவு வோல்டேஜ் மிகச் சிறிய கரண்ட்டோடு அங்கே மிதக்கிறது. எர்த் ஆன ரிக்கில் கேபிளைச் செருகும்போது நடு முனை முதலில் தொட்டால் அந்த வோல்டேஜ் மைக் சர்க்யூட் வழியாகத்தான் இறங்கும். கேபிள் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு சார்ஜரைச் செருகுங்கள். ரிசீவ், டிரான்ஸ்மிட் இரண்டு பாதையிலும் 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொன்று வையுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பழைய டயல்-அப் மோடம் கார்டு கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். அதில் இருப்பது இதே டிரான்ஸ்ஃபார்மர்தான்.

பிடிடிக்கு இங்கே வாக்ஸ் (ஒலி வந்தால் ரிக் தானே டிரான்ஸ்மிட்டுக்கு மாறுவது) மட்டும்தான். எஃப்டி8-க்கு அது ஒப்பேறும். வாக்ஸ் விழித்துக்கொள்ள 100 மில்லிசெகண்ட் ஆனாலும் போவது 79 சிம்பல்களில் ஒன்றுகூட முழுதாக இல்லை (ஒரு சிம்பல் 160 மில்லிசெகண்ட்). ஒத்திசைவுக் குறியீடு தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் இருப்பதால் டிகோடர் தாங்கிக்கொள்ளும். பாக்கெட் (தகவலைத் துண்டு துண்டாக அனுப்புவது), வின்லிங்க் (ரேடியோ வழி மின்னஞ்சல்) போன்றவற்றில் வாக்ஸ் உதவாது. அங்கே எதிர் ஸ்டேஷனின் பதில் உடனே வந்துவிடும். வாக்ஸ் இன்னும் டிரான்ஸ்மிட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சில நூறு ரூபாய் யூஎஸ்பி டாங்கிள்

சிஎம்108 வகை சிப் வைத்தவை. லேப்டாப் கார்டைவிட இதில் ஒரே பெரிய லாபம், ரேடியோவுக்கென்று தனி கார்டு கிடைப்பது. விண்டோஸின் டிங்டாங் லேப்டாப் ஸ்பீக்கரில் ஒலிக்கும், எஃப்டி8 அதிர்வெண்ணான 14.074 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்காது. ஆனால் டாங்கிளைச் செருகியதும் விண்டோஸ் அதையே இயல்பு சாதனமாக மாற்றிக்கொள்ளும். சவுண்ட் செட்டிங்கில் போய்ப் பழையபடி லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதே சிப்பில் ஆட்டோ கெயின் வசதி ஒன்றும் உண்டு. அதை அணைக்காவிட்டால் பலமான ஸ்டேஷன் வரும்போதெல்லாம் பலவீனமானவை அமுங்கிப்போகும். லினக்ஸில் ஆல்சாமிக்ஸரில் ஒரு கட்டத்தை அணைத்தால் போதும்.

பிடிடிக்கு இரண்டு வழி. சிஎம்108-இன் 13-ஆம் பின்னில் ஒரு வெளியீடு உண்டு; அதிலிருந்து ஒரு டிரான்சிஸ்டர் போட்டால் டயர்வுல்ஃப் என்ற பாக்கெட் மென்பொருள் நேரடியாக பிடிடி கொடுக்கும். மலிவான டாங்கிள்களில் சிப் கறுப்புப் பசைக் கட்டிக்குள் புதைந்திருக்கும், பின்னே வெளியே தெரியாது. திறந்து பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது, சிபி2102 சீரியல் மாட்யூலின் ஆர்டிஎஸ் (சீரியல் போர்ட்டின் கட்டுப்பாட்டு முனை) கால். இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பழைய சர்க்யூட் படங்கள் எல்லாம் நிஜ ஆர்எஸ்-232 போர்ட்டுக்கு வரைந்தவை, அங்கே இயக்கும்போது வோல்டேஜ் ஏறும். சிபி2102 போன்ற டிடிஎல் (குறைந்த வோல்டேஜ் லாஜிக்) மாட்யூலில் நேர்மாறு. சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட், இயக்கினால் பூஜ்யம். பிசி547-இன் பேஸை அப்படியே கோர்த்தால் செருகியதும் ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போய் நிற்கும். பிசி817 ஆப்டோகப்ளரின் (மின் தொடர்பின்றி ஒளி வழியாக இயங்கும் சுவிட்ச்) எல்இடியை 3.3 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியாக ஆர்டிஎஸ் காலுக்கு இறக்குங்கள். ஆர்டிஎஸ் கீழே போகும்போது எல்இடி எரியும், பிடிடி விழும், எர்த்தும் பிரிந்தே இருக்கும். கணினி துவங்கும்போது ஆர்டிஎஸ் ஒருமுறை துடிக்கலாம் என்பதால் ரிக்கைக் கடைசியில் ஆன் செய்வது நல்லது.

சிக்னலிங்க், டிஜிரிக்

சால்டரிங் அயர்ன் பக்கமே போகாதவர்களுக்கு இந்த இரண்டும்.

சிக்னலிங்க் யூஎஸ்பி பழைய கை. பிசிஎம்2904 கார்டு, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், முன்பக்கம் டிரான்ஸ்மிட், ரிசீவ், டிலே என்று மூன்று குமிழ். ஆடியோ வந்தால் தானே பிடிடி போடும். சீரியல் போர்ட்டே வேண்டாம். குமிழைத் திருப்பி ஏஎல்சி (லெவல் கூடினால் ரிக் தானே அடக்குவது) மீட்டரைப் பார்த்து லெவல் வைக்கும் வசதிக்கு ஈடு மற்ற எதிலும் இல்லை. குறை, கேட் கட்டுப்பாடு (கணினி ரிக்கை இயக்குவது) இதில் கிடையாது. அதிர்வெண்ணை மென்பொருள் அறிய வேண்டுமானால் தனி கேபிள் வாங்க வேண்டும். ரிக் மாறினால் கேபிளும் மாறும், உள்ளே ஜம்பர்களும் மாறும். டிலே குமிழை எஃப்டி8-க்குக் குறைந்த பக்கம் முழுதும் திருப்பி வைத்துவிடலாம்.

டிஜிரிக் மொபைல் விரல் நீளப் பெட்டி. சிஎம்108 வகை கார்டும் சிபி2102 சீரியலும் ஒரே யூஎஸ்பி கேபிளில். கேட், பிடிடி இரண்டும் கிடைக்கும். முதுகுப்பையில் போட்டு மலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமானது இல்லை. ஆனால் உள்ளே ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மடியில் வைத்த லேப்டாப், ஐந்தடி தள்ளி எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் இணைக்கும்) ஆண்டெனா என்ற அமைப்பில் ஆர்எஃப் (டிரான்ஸ்மிட்டரின் ரேடியோ அலை) யூஎஸ்பி கேபிள் வழியாக உள்ளே ஏறும். டிரான்ஸ்மிட் நடுவே போர்ட் காணாமல் போவது, மவுஸ் உறைவது, 20 மீட்டரில் மட்டும் இப்படி நடந்து 40-இல் நடக்காதது எல்லாம் இதன் அறிகுறிகள். யூஎஸ்பி கேபிளை 31 வகை ஃபெரைட் வளையத்தில் ஐந்தாறு சுற்று சுற்றுங்கள். அதற்கு முன், ஆண்டெனாவின் ஃபீட் பாயின்ட்டிலோ கோஆக்ஸ் அறைக்குள் நுழையும் இடத்திலோ ஒரு சோக் (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் ஆர்எஃப்-ஐத் தடுப்பது) போடுங்கள். நோய் அங்கே இருக்கையில் இங்கே மருந்து போட்டுப் பலன் கம்மி.

பழைய ரிக், வீட்டு மேசை, அடிக்கடி இடம் மாற்றாதவர் என்றால் சிக்னலிங்க். கேட் வேண்டும், தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டிஜிரிக். இரண்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியவை. கைவேலை தெரிந்தவருக்கு டாங்கிளும் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரும் அதே வேலையைச் செய்யும்.

ரிக்கிலேயே உள்ள யூஎஸ்பி

ஐசி-7300, எஃப்டி-991ஏ, டிஎஸ்-590எஸ்ஜி ரிக் வைத்திருப்பவர் வெளியே எதுவும் வாங்க வேண்டாம். ஆடியோவும் கேட்டும் ஒரே கேபிளில் வருகின்றன. பெட்டி வாங்காமல் மிச்சமாகும் பணத்துக்கு நல்ல யூஎஸ்பி கேபிளும் ஃபெரைட்டும் வாங்கலாம்.

தடுக்கி விழுவது மெனுவில். ஐசி-7300-இல் சாதாரண அப்பர் சைடுபேண்டில் நின்றால் மாடுலேஷன் மைக்கிலிருந்து எடுக்கப்படும். ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும், பவர் மீட்டர் அசையாது. டேட்டா மோடுக்கு மாற்றி, டேட்டா மாட் என்ற மெனுவில் யூஎஸ்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அறையில் ஓடும் டிவி சீரியலும் சேர்ந்து ஏறும். மென்பொருளைத் திறந்ததும் ரிக் தானாக டிரான்ஸ்மிட் போனால், யூஎஸ்பி செண்ட் மெனுவை அணைத்துவிட்டு பிடிடியைக் கேட் வழியாகவே கொடுங்கள். எஃப்டி-991ஏ இரண்டு காம் போர்ட் காட்டும். என்ஹான்ஸ்டு என்பது கேட்டுக்கு, ஸ்டாண்டர்டு என்பது பிடிடிக்கு. மாற்றிப் போட்டால் 'ஹாம்லிப் பிழை' என்று சிவப்புப் பெட்டி வரும், அவ்வளவுதான்.

சிக்னலிங்கும் ஐசி-7300-உம் விண்டோஸில் ஒரே பெயரில், யூஎஸ்பி ஆடியோ கோடெக் என்று தெரியும். இரண்டும் வைத்திருப்பவர் சவுண்ட் செட்டிங்கில் ஒன்றின் பெயரை மாற்றிவிடுங்கள். இந்த வழியின் உண்மையான குறை பழுதில்தான் தெரியும். இடி மின்னலில் டாங்கிள் போனால் டாங்கிள் மட்டும். ரிக்கின் கோடெக் போனால் ரிக்கையே திறக்க வேண்டும்.

மென்பொருள்

டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், 1993-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜோ டெய்லர் தொடங்கிய திட்டம். அவரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் எஃப்டி8-ஐக் கொண்டுவந்தார்கள். புதியவர் இதிலேயே தொடங்கலாம். ஜேடிடிஎக்ஸ் அதிலிருந்து கிளைத்தது. நெரிசலான 40 மீட்டரில் ஃபில்டர்களும் டிகோட் அமைப்புகளும் கூடுதலாகத் தரும். கியூ65, எம்எஸ்கே144 போன்ற விஎச்எஃப் மோடுகள் அதில் இல்லை. ஜேஎஸ்8கால் எஃப்டி8-இன் மாடுலேஷனை வைத்து உரையாடுவதற்கு. பிஎஸ்கே31, ஆர்டிடிஒய், ஒலிவியா வேண்டுமென்றால் எஃப்எல்டிஜி. ஏபிஆர்எஸ் (இருக்கும் இடத்தையும் சிறு செய்தியையும் அனுப்பும்) பாக்கெட்டுக்கு டயர்வுல்ஃப். ஸ்பீக்கர் ஜாக்கிலிருந்து எடுத்தால் டிஎம்ஃபசிஸ் (எஃப்எம் ரிசீவர் உயர்ந்த தொனிகளைத் தணிப்பது) காரணமாக பாக்கெட்டின் 2200 ஹெர்ட்ஸ் தொனி 1200-ஐவிட 5 டெசிபல் அளவு தாழ்ந்து வரும், முடிந்தவரை டேட்டா ஜாக்கிலிருந்து எடுங்கள்.

எல்லா மென்பொருளும் சவுண்ட் கார்டிடம் ஒரே மாதிரி எதிர்பார்ப்பதில்லை. எஸ்எஸ்டிவிதான் கார்டின் கிரிஸ்டலை அம்பலப்படுத்தும். ஸ்காட்டி 1 படம் வர 110 வினாடி. கார்டின் கடிகாரம் பத்து லட்சத்தில் 100 பங்கு பிசகினால் முடிவில் 11 மில்லிசெகண்ட் நகர்ந்திருக்கும். ஒரு நிற வரியின் 320 புள்ளிகளும் 138 மில்லிசெகண்டில் வருவதால், படத்தின் அடிப்பகுதி சுமார் 25 புள்ளி சரிந்து நிற்கும். எம்எம்எஸ்எஸ்டிவி மென்பொருளில் நேர ஒலிபரப்பின் டிக் ஒலியைக் கேட்கவிட்டு இதைத் திருத்தலாம். சீனாவின் பிபிஎம் நிலையம் 10 மெகாஹெர்ட்ஸில் உதவும். எஃப்டி8-க்கு அந்தப் பிசகு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு வேண்டியது கணினிக் கடிகாரம் ஒரு வினாடிக்குள் சரியாக இருப்பது. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் திரையின் டிடி (நேர வித்தியாசம்) என்ற நெடுவரிசையில் எல்லோருக்கும் ஒரே பக்கமாக 1-ஐத் தாண்டிய எண் தெரிந்தால் பிசகியிருப்பது உங்கள் கடிகாரம்.

லெவல்

எந்தப் பெட்டியானாலும் ரிசீவ் சோதனை ஒன்றுதான். சிக்னல் இல்லாத இடத்தில் பேண்டின் இரைச்சல் மட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மீட்டரில் 30 டெசிபல் அருகே நிற்கட்டும். பிறகு ஆண்டெனாவைக் கழற்றுங்கள். மீட்டர் 10 டெசிபலாவது விழுந்தால் கார்டு போதுமானது; விழாவிட்டால் நீங்கள் கேட்டது கார்டின் சொந்த இரைச்சல், ரிக்கிலிருந்து வரும் லெவலை ஏற்ற வேண்டும்.

டிரான்ஸ்மிட்டில் ஆடியோ 1500 முதல் 2000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கட்டும். 500-இல் அனுப்பினால் ஓவர்டிரைவ் ஆன கார்டின் 1000, 1500, 2000 ஹார்மோனிக்குகள் எல்லாம் ரிக்கின் ஃபில்டருக்குள்ளேயே விழுந்து, ஒரே கால்சைன் நாலு இடத்தில் தெரியும். 1500-க்கு இரண்டாம் ஹார்மோனிக் 3000. ஃபில்டர் அதை வெட்டிவிடும். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ஸ்ப்ளிட் அமைப்பில் 'ஃபேக் இட்' போட்டால் மென்பொருள் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். ஸ்பீச் கம்ப்ரசர் அணைந்திருக்க வேண்டும். 15 வினாடியில் 12.64 வினாடி முழு பவரில் ஓடுவதால் 100 வாட் ரிக்கை 30–40 வாட்டில் வையுங்கள்.

எஃப்டி8-இல் சரியாக வைத்த லெவலை அப்படியே பிஎஸ்கே31-க்குக் கொண்டுபோகாதீர்கள். எஃப்டி8-இன் அலைவீச்சு மாறாதது, ஏஎல்சி கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் பெரிதாக அகலாது. பிஎஸ்கே31-இல் ஒவ்வொரு கட்ட (ஃபேஸ்) மாற்றத்திலும் அலைவீச்சு பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். ஏஎல்சி அதில் கைவைத்தால் இருபுறமும் வால்கள் முளைத்து, 31 ஹெர்ட்ஸில் அடங்க வேண்டியது பக்கத்து இரண்டு மூன்று பேரையும் மூடிவிடும். மோடு மாற்றியதும் ஏஎல்சி அசைவது நிற்கும் வரை ஆடியோவைக் குறைத்துவிட்டு, எதிரில் இருப்பவரிடம் ஐஎம்டி (சிக்னலின் சிதைவு அளவு) எவ்வளவு என்று கேளுங்கள். மைனஸ் 25 டெசிபலோ அதற்குக் கீழோ என்றால் அந்த இடத்தில் குமிழைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.