வைத்தது வைத்த இடத்தில் இருக்காதா? விண்டோஸ், மேக், க்னோம், கேடிஇ ஓர் அலசல்

மீட்டிங்குக்காக லேப்டாப்பிலிருந்து மானிட்டர் கேபிளைப் பிடுங்கிக்கொண்டு போய், முக்கால் மணி நேரம் கழித்து வந்து திரும்பச் செருகுகிறேன். இடப்பக்கம் எடிட்டர், வலப்பக்கம் பிரவுசர், கீழ் மூலையில் டெர்மினல் என்று காலையில் அடுக்கி வைத்தது அத்தனையும் சின்னத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் இழுத்து அதனதன் இடத்தில் விட அரை நிமிடம் போதும். ஆனால் அதையே ஒரு நாளைக்கு நாலு தடவை செய்யும்போதுதான் எரிச்சல் வருகிறது.

(விண்டோஸ் என்ற பெயரோடு குழம்பிவிடும் என்பதால் 'விண்டோ'வை இங்கே சாளரம் என்றே எழுதுகிறேன்.)

விண்டோஸ், மேக், லினக்ஸின் இரண்டு டெஸ்க்டாப்களான க்னோம், கேடிஇ பிளாஸ்மா என நான்கையும் மாறி மாறிப் பயன்படுத்தியதில் எனக்குப் பட்டது இது: திரையை எப்படிப் பங்கு போடுவது என்பதில்தான் எல்லோரும் போட்டி போடுகிறார்கள். அது சுலபமான பாதி. வைத்த சாளரத்தை நினைவில் வைத்திருப்பதும், கேட்காமல் ஒன்று முன்னால் வந்து நிற்காமல் தடுப்பதும்தான் கஷ்டமான பாதி.

பங்கு போடுவது

1985-ல் வந்த விண்டோஸ் 1.0-ல் சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவே முடியாது, டயலாக் பெட்டிகள் மட்டும் விதிவிலக்கு. எல்லாம் ஓடு பதித்த மாதிரி பக்கம் பக்கமாகத்தான் நிற்கும். 1987-ல் 2.0 வந்தபோது, சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்கலாம் என்பதே பெரிய முன்னேற்றமாக இருந்தது. பிறகு 2009-ல் விண்டோஸ் 7, சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதியில் ஒட்டிக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. சுற்றிச் சுற்றி ஓட்டுக்கே வந்துவிட்டோம்.

இந்த விஷயத்தில் விண்டோஸ் 11-தான் முன்னால் நிற்கிறது. மேக்ஸிமைஸ் பட்டன்மேல் மவுஸைக் கொண்டுபோனாலே கட்டங்கள் விரிகின்றன. விண்டோஸ் விசையோடு இசட் அழுத்தினாலும் அதேதான். யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கட்டங்கள் போதாதவர்கள் மைக்ரோசாஃப்டே தனியாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் இருக்கும் ஃபேன்சிஸோன்ஸ் மூலம் தாங்களே வரைந்துகொள்ளலாம்.

மேக் இதில் ரொம்பத் தாமதம். 2011-ல் லயன் என்ற பதிப்பு வரும்வரை சாளரத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துத்தான் அளவையே மாற்ற முடியும். 2015-ல் வந்த ஸ்பிளிட் வியூ இரண்டு சாளரங்களை ஒரு தனி அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி. ஓரத்துக்கு இழுத்தால் ஒட்டுவது 2024-ல் சிக்கோயா பதிப்பு வந்த பிறகுதான். அதுவரை ரெக்டாங்கிள் மாதிரியான தனிச் செயலிகளை நிறுவிக்கொண்டு சமாளித்தார்கள்.

கேடிஇ 2023 பிப்ரவரியில், 5.27 பதிப்பில், மெட்டா விசையோடு (விண்டோஸ் விசைதான்) டி அழுத்தினால் திறக்கும் கட்ட எடிட்டரைச் சேர்த்தது. க்னோமில் தானாகக் கிடைப்பது பாதிப் பாதிதான். கால்வாசி வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் தேட வேண்டும்.

ஆனால் யோசனை என்று பார்த்தால் க்னோம் பக்கம்தான் சரக்கு இருக்கிறது. கால்குலேட்டரைப் பாதித் திரைக்கு இழுத்து விட்டுப் பாருங்கள். நாலு பட்டன் சமாச்சாரம் பந்திப் பாய் மாதிரி விரிந்து கிடக்கும். 2023-ல் க்னோம் வடிவமைப்பாளர்கள் முன்வைத்த மொசைக் யோசனை இதைத்தான் பிடித்தது: ஒவ்வொரு சாளரமும் தனக்கு எவ்வளவு இடம் தேவை என்று சொல்லட்டும், அந்த அளவிலேயே பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவோம், இடம் போதாதபோது மட்டும் பிரிப்போம். கட்டத்துக்குள் சாளரத்தைத் திணிக்காமல், சாளரத்துக்கு ஏற்றபடி இடம் விடுவது. கேட்க எளிது. ஆனால் எல்லாச் செயலிகளும் தங்களுக்கு வேண்டிய அளவை ஒழுங்காகச் சொன்னால்தான் நடக்கும்.

நினைவில் வைப்பது

கேபிள் கதைக்கு வருவோம். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள், மானிட்டர் இணைப்பைப் பொறுத்துச் சாளரங்களின் இடத்தை நினைவில் வைக்கும் தேர்வு இருக்கிறது. மானிட்டர் போனால் அதிலிருந்தவை மினிமைஸ் ஆகின்றன, வந்தால் திரும்புகின்றன. நான்கில் இதற்கு நேரடியான பதில் இதுதான். ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால் அந்த அடுக்கு போச்சு. பவர்டாய்ஸின் வொர்க்ஸ்பேசஸ் செயலிகளையும் அவற்றின் இடங்களையும் சேமித்து ஒரே கிளிக்கில் திறக்கிறது. அதைத் தனியாக நிறுவ வேண்டும் என்பது ஒரு குறை. எந்தக் கோப்பு திறந்திருந்தது என்பதை அது கவனிக்காது என்பது பெரிய குறை.

ரீஸ்டார்ட் விஷயத்தில் மேக்கை அடிக்க ஆளில்லை. லாக் அவுட் செய்யும்போது, மீண்டும் வரும்போது சாளரங்களைத் திறக்கவா என்று ஒரு டிக் கேட்கும். ஒத்துழைக்கும் செயலிகள் பாதியில் விட்ட கோப்போடு, விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். 2011 முதலே இப்படித்தான்.

கேடிஇயின் பதில் வேறு மாதிரி. தலைப்புப் பட்டையில் வலது கிளிக் செய்து, இந்தச் சாளரத்துக்கான விதிகள் என்ற பக்கத்துக்குப் போனால், இடம், அளவு, எந்த டெஸ்க்டாப் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி எழுதலாம். டெர்மினலுக்கு இடத்தைச் சேர்த்து, 'நினைவில் வை' என்று தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து அது மூலையை விட்டு நகரவில்லை. 'கட்டாயப்படுத்து' என்றும் ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் நாமே இழுத்தாலும் அசையாது. முதல் தடவை அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மவுஸ் கெட்டுப்போய்விட்டதென்று நினைத்தேன். இவ்வளவு சக்தியுள்ள வசதியை மூன்று மெனுக்களுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸ் பக்கம் ஒரு சிக்கல் வேரிலேயே இருக்கிறது. சாளரங்களைத் திரையில் காட்டும் பழைய ஏற்பாடான எக்ஸ்11-ல் ஒரு செயலி, திரையில் தன் சாளரம் எங்கே நிற்க வேண்டும் என்று தானே கேட்டு வாங்கலாம். அதன் இடத்துக்கு வந்த வேலேண்டில் சாதாரணச் செயலிக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. ஆகவே நினைவில் வைக்கும் பொறுப்பு முழுக்க டெஸ்க்டாப்பின் தலையில். கேடிஇ விதிகள் வழியாக அதைச் சுமக்கிறது. க்னோமில், இந்தச் செயலி இந்த வொர்க்ஸ்பேஸுக்கு (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித் திரைக்கு) போகட்டும் என்று சொல்லும் எக்ஸ்டென்ஷன் ஒன்று உண்டு. அதோடு சரி.

கேட்காமல் முன்னால் வருவது

பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் ஏதோ ஒரு செயலியின் அப்டேட் பெட்டி முன்னால் குதித்தது. மிச்சப் பாதி அதற்குள் விழுந்தது, கடைசியில் நான் தட்டிய என்டர் 'இப்போதே ரீஸ்டார்ட் செய்' என்பதற்குச் சம்மதமாகிவிட்டது. சேமிக்காத குறிப்புகள் அதோடு போயின.

பின்னணியிலிருக்கும் செயலி நினைத்தபோதெல்லாம் முன்னால் வரக் கூடாது, டாஸ்க்பாரில் மினுக்கினால் போதும் என்ற விதி விண்டோஸில் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் ஓட்டைகளும் கூடவே இருக்கின்றன. மேக்கில் 2023-ல் சோனோமா பதிப்பு வந்தபோது, முன்னால் இருக்கும் செயலி வழிவிட்டால் மற்றது வரலாம் என்ற முறைக்கு மாறினார்கள். க்னோம் பெரும்பாலும் 'தயார்' என்று ஓர் அறிவிப்போடு நிறுத்திக்கொள்கிறது, அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். கேடிஇயில் இந்தத் தடுப்புக்கே ஐந்து நிலைகள் உண்டு. நான் 'உயர்' நிலையில் வைத்திருக்கிறேன். நான்கிலும் வேண்டிய ஆசை ஒன்றுதான்: விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருக்கும் நொடியில், யாராக இருந்தாலும் வரிசையில் நிற்கட்டும்.

சில்லறை விஷயங்களும் உண்டு. ஒரு சாளரம் எப்போதும் மேலே நிற்க வேண்டுமென்றால் கேடிஇயிலும் க்னோமிலும் தலைப்புப் பட்டையில் வலது கிளிக் போதும். விண்டோஸில் பவர்டாய்ஸ் வேண்டும், மேக்கில் பொதுவாக வெளிச் செயலியைத் தேட வேண்டும். மேக்கில் கமாண்ட்-டேப் செயலிகளை மாற்றுகிறதே தவிர சாளரங்களை மாற்றுவதில்லை. பல வருடப் பழக்கத்துக்குப் பிறகும் என் விரல் அங்கே தடுக்கி விழுகிறது.

எதை எடுப்பேன் என்றால், எழுதும் வேலைக்குக் கேடிஇ. கேபிளைப் பிடுங்கி மாட்டும் வாழ்க்கைக்கு விண்டோஸ் 11. கேடிஇயின் விதிகள் விண்டோஸின் அந்த மேக்ஸிமைஸ் பட்டனில் தொங்கினால் வேறெதையும் கேட்கமாட்டேன். பொய். ஒன்று கேட்பேன்.

வெவ்வேறு செயலிகளின் இரண்டு சாளரங்களை ஒட்டி ஒன்றாக்க வேண்டும். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் கூடவே வர வேண்டும். விண்டோஸ் 11-ல் கட்டங்களில் சேர்த்து ஒட்டிய சாளரங்களின் குழுக்கள் கிட்டத்தட்ட வருகின்றன, ஆனால் ஒன்றை இழுத்தால் ஜோடி பிரிந்துவிடும். எல்லாச் செயலிகளையும் ஒரே சாளரத்தில் டேப்களாக அடுக்கும் செட்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2018-ல் சோதித்துவிட்டுக் கைவிட்டது. கேடிஇ 2010-ல் அப்படி ஒன்றைத் தந்து, 5-ஆம் தலைமுறைக்குப் போனபோது எடுத்துவிட்டது. பீஓஎஸ் (BeOS) என்ற பழைய இயங்குதளத்தின் வாரிசான ஹைக்குவில் இன்றும் இருக்கிறது. விண்டோஸ் விசையை அழுத்தியபடி ஒன்றின் ஓரத்தை இன்னொன்றின் ஓரத்தோடு சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும், சேர்ந்தே நகரும், சேர்ந்தே அளவு மாறும். என் வேலைக்கு வேண்டிய செயலிகளில் பாதிதான் அங்கே கிடையாது.