மணலி புதுநகரில் கழிவுநீரைப் புல் மேல் ஓடவிட்ட அனுபவம்

மணலி புதுநகரைத் தாண்டி எங்கள் வீடு. பாதாளச் சாக்கடை இன்னும் எங்கள் தெருவை எட்டவில்லை. செப்டிக் டேங்க் வழிவதும் லாரிக்குக் காத்திருப்பதும் அலுத்துப்போய், டேங்கிலிருந்து வெளிவரும் தண்ணீரைப் பின்பக்கக் காலிமனையில் புல் மேல் ஓடவிட்டோம். வருஷங்கள் ஆகிவிட்டன. வெயில் காலத்தில் பெரிய நிம்மதி. ஐப்பசி, கார்த்திகையில் நம்பக் கூடாது.

யோசனை புதிதல்ல. கொடுங்கையூரில் ஒரு காலத்தில் நகரத்துக் கழிவுநீரைப் பாய்ச்சிப் புல் வளர்த்தார்கள். இப்போது அதே ஊரில் சுத்திகரித்த தண்ணீர் மணலி ஆலைகளுக்குப் போகிறது.

எங்களுடையது களிமண். உறிஞ்சுகுழி தோண்டினால் தண்ணீர் இறங்காது. மேலாக ஓடவிடும் முறைக்கு அதுவே வசதி. திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோர மணலில் இதைச் செய்யாதீர்கள். பாதி சுத்தமாவதற்குள் கீழே இறங்கிப் பக்கத்து வீட்டு போர்வெல்லில் கலந்துவிடும்.

சரிவு 100 அடிக்கு 2 முதல் 8 அடி வரை இருக்கலாம். எங்களிடம் 3 அடி வாட்டம். மேல் விளிம்பில் குறுக்காக, துளை போட்ட பிவிசி குழாய். எல்லாத் துளையிலும் ஒரே அளவாகத் தண்ணீர் வர வேண்டும் என்பதால் கொத்தனார் ட்யூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். மெனக்கெடலாகத்தான் தெரிந்தது. ஆனால் விரல் அளவு பள்ளம் இருந்தாலும் தண்ணீர் அதிலேயே தடம் பிடித்து ஓடிவிடும், மீதிப் புல் சும்மா நிற்கும். இன்றைக்கும் ஒவ்வொரு பெருமழைக்கும் பிறகு மண்வெட்டியோடு போகிறேன்.

குழாயை ஒட்டிய முதல் சில அடிகளில் புல் தண்டைப் பிடித்தால் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் கையில் ஒட்டும். அருவருப்புதான், ஆனால் வேலை செய்வதே அதுதான்: அதிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. வாடையும் அந்த இடத்தோடு சரி. கீழ் ஓரத்து வாய்க்காலுக்கு வரும்போது தண்ணீர் தெளிந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீரில் கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் வாழைக்கும் தென்னைக்கும் மட்டும். கீரைக்கு ஒருநாளும் கிடையாது. குழந்தைகள் போகாதபடி வேலியும் போட்டிருக்கிறோம்.

மனையை இரண்டு பாதியாகப் பிரித்து, கேட் வால்வைத் திருப்பி மாற்றி மாற்றி விடுகிறோம். காயவிடாவிட்டால் தண்ணீர் தேங்கி நாற்றம், அப்புறம் கொசு. வட சென்னைக்காரர்களுக்குக் கொசுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வளர்ப்பது எருமைப்புல். ஈரத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். அறுப்பதுதான் பெரிய வேலை. விட்டால் சாய்ந்து அழுகும். பால்காரம்மா வேலிக்கு வெளியே நின்று, “ஏண்ணே, இவ்ளோ புல்லு வீணாப் போகுதே, மாட்டுக்குப் போடலாம்ல?” என்பார். பச்சையாகக் கொடுப்பதில்லை, நாடாப்புழு பயம். நன்றாகக் காயவிட்ட பாதியில் அறுத்து, வெயிலில் உலர்த்தித்தான் தருகிறேன்.

எதிர்பாராத தொல்லை துணி சோப்புத்தூள். அதிலுள்ள சோடியம், எங்கள் போர் தண்ணீரின் உப்போடு சேர்ந்து களிமண்ணை இறுக்கிவிடுகிறது. கோடையில் தரையில் வெள்ளை பூத்து, அந்த இடத்தில் புல் மஞ்சளாகும். தூளைக் குறைத்து, ஜிப்சம் தூவியதில் ஓரளவு தேறியது.

மழைக்காலம்தான் தோல்வி. நிலமே நீரில் நிற்கும்போது எதை எங்கே ஓடவிடுவது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எது மழைநீர், எது எங்கள் தண்ணீர் என்றே தெரியவில்லை. இப்போதெல்லாம் தீபாவளிக்கு முன்பே லாரி வைத்து டேங்கை இறைத்துவிடுகிறோம். கனமழை நாட்களில் வால்வை மூடிக்கொண்டால் சில நாள் தாங்கும். எங்களுடையது செங்கல் கட்டிய டேங்க். ஃபைபர் டேங்க் வைத்திருப்பவர்கள் முழுக்கக் காலி செய்ய வேண்டாம். நிலத்தடி நீர் ஏறினால் டேங்கே மிதந்து மேலே வந்துவிடும்.