குரோமாட்டினைப் பார்க்க எது நல்லது: ஸ்டார்மா, குரோம்ஈஎம்டியா?

மனித செல்லின் உட்கருவுக்குள் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ மடிந்து கிடக்கிறது. புரதங்களோடு சேர்ந்த இந்த டிஎன்ஏதான் குரோமாட்டின். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாமே மங்கல்தான்.

ஸ்டார்ம் (STORM) என்ற ஒளி நுண்ணோக்கி முறை ஒளிரும் சாய மூலக்கூறுகளைச் சிலசிலவாக மினுங்க வைத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, அப்புறம் ஒரே படமாகச் சேர்க்கிறது. சுமார் 20 நானோமீட்டர் வரை பிரித்துக் காட்டும். 2015இல் நியூக்ளியோசோம்கள் (புரதத்தின் மேல் டிஎன்ஏ சுற்றிய மணிகள்) சிறு கொத்துகளாக இருப்பதை இப்படித்தான் கண்டார்கள். ஆனால் சாயம் ஒட்டியது மட்டுமே தெரியும்.

குரோம்ஈஎம்டி (ChromEMT) என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கி முறையில் டிஎன்ஏவில் ஒட்டிய சாயத்தின் மேல் ஒளி பட்டதும் அங்கே ஒரு பாலிமர் படிகிறது. அதில் ஆஸ்மியம் என்ற கன உலோகம் ஏறியதும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் டிஎன்ஏ கறுப்பாகத் துலங்கும். மாதிரியைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணமாக்குகிறார்கள். 2017இல் சால்க் ஆய்வகத்தார் இதில் பார்த்தது 5 முதல் 24 நானோமீட்டர் தடிமனுள்ள ஒழுங்கற்ற சங்கிலிகளை. பாடநூல்கள் காலங்காலமாக வரைந்துவந்த 30 நானோமீட்டர் இழை அங்கே இல்லை! சங்கிலி எல்லா இடத்திலும் ஒன்றுதான், நெருக்கம்தான் மாறுகிறது.

எந்தப் புரதம் எங்கே என்ற கேள்விக்கு ஸ்டார்ம் போதும். மடிப்பின் வடிவமே கேள்வி என்றால் என் தேர்வு குரோம்ஈஎம்டிதான்.