அப்பாவோட வயித்துக் கிருமியும் கொழுப்பு ரிப்போர்ட்டும்: ஊருக்குப் போனப்போ பாத்தது

லீவுக்கு ஊருக்குப் போனதும் அப்பாவ செக்கப்புக்கு கூட்டிட்டுப் போனேன், வயிறு எரியுது, உப்புசமா இருக்குன்னு ரொம்ப நாளாவே ஃபோன்ல சொல்லிட்டு இருந்தாரு. காலைல ரத்தம் எடுத்தாங்க, சாயங்காலமே ரிப்போர்ட் ஃபோனுக்கு வந்துருச்சு, அந்த வேகத்த பாராட்டியே ஆகணும். ஆனா அந்த பேக்கேஜ்ல ஹெச் பைலோரிங்கற வயித்துக் கிருமிக்கு வச்சிருந்தது ஆன்டிபாடி டெஸ்ட், அதாவது கிருமிய எதிர்த்து உடம்பு உண்டாக்கற பொருள ரத்தத்துல தேடறது, கிருமி எப்பவோ இருந்து போயிருந்தாலும் அதுல பாசிட்டிவ்னு வரலாம், இப்ப இருக்கான்னு உறுதியா சொல்லாது. இத யாருமே எங்ககிட்ட சொல்லல, எனக்கு அதுல வருத்தம்தான்.

அப்புறம் வேற ஆஸ்பத்திரில வயித்து டாக்டர பாத்து, கிருமி இப்ப இருக்கான்னு பாக்கற மூச்சு டெஸ்டுக்கு போனோம். அங்க இருந்த நர்ஸ் முதல்ல கேட்டதே "ஐயா, ஆசிட் மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா?"ன்னுதான். தினமும் பான்டோபிரசோல் போடுறேன்னாரு அப்பா. அப்ப இன்னிக்கு வேணாம், கிருமி இருந்தாலும் இல்லன்னு காட்டிரும், டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு வாரம் நிறுத்திட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இதுதாங்க சர்வீஸ். மறுபடி போனப்போ பையில ஊதச் சொல்லி, யூரியா கலந்த மருந்தக் குடுத்து, கொஞ்ச நேரம் உக்கார வச்சு இன்னொரு பையில ஊதச் சொன்னாங்க. பாசிட்டிவ்.

அப்பாவுக்கு கெட்ட கொழுப்பு எல்டிஎல் அதிகம், நல்ல கொழுப்பு ஹெச்டிஎல் கம்மி. இதுக்கும் கிருமிக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டேன். டாக்டர் பொறுமையா சொன்னாரு: பல ஆய்வுகள்ல கிருமி இருக்கறவங்களுக்கு எல்டிஎல்லும், டிரைகிளிசரைட்ங்கற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பும் கூடவும் ஹெச்டிஎல் குறைவாவும் இருந்திருக்கு, வயித்துல நாள்பட்ட அழற்சி இருந்தா அதுல சுரக்கற பொருள்கள் கொழுப்ப உடம்பு கையாளுற விதத்தையே மாத்தலாம், ஆனா எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லல, கிருமிதான் காரணம்னு நிரூபணமும் ஆகல. கிருமிய ஒழிக்கறது அல்சர், வயித்துப் புத்துநோய் ஆபத்து குறையத்தான், கொழுப்பு மாத்திரைக்கு பதிலா இல்லன்னாரு.

அடுத்து அவர் கேட்டதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு, கொழுப்புக்கு என்ன மாத்திரைன்னு. சிம்வாஸ்டாடின். கிருமிக்கு குடுக்கற ஆன்டிபயாடிக்ல கிளாரித்ரோமைசின் இருந்தா ரெண்டையும் சேத்துப் போடவே கூடாதாம், ரத்தத்துல ஸ்டாடின் அளவு ஏறி தசையே சிதைஞ்சு கிட்னி வரைக்கும் பாதிக்கலாம். அதனால அப்பாவுக்கு கிளாரித்ரோமைசின் இல்லாம பிஸ்மத்ங்கற வயித்து மருந்து சேந்த 14 நாள் கோர்ஸ் எழுதினாரு. அப்பா அம்மாவ செக்கப்புக்கு கூட்டிட்டுப் போறவங்க போடுற மாத்திரை எல்லாத்தையும் அட்டையோடவே எடுத்துட்டுப் போங்க, பேர் ஞாபகம் இருக்கும்னு நம்பாதீங்க.

இன்னொன்னு, லீவுக்கு வர்றவங்க தேதிய முன்னாடியே கணக்குப் போட்டுக்கங்க. டெஸ்டுக்கு முன்னாடி ரெண்டு வாரம், மருந்து ரெண்டு வாரம், கோர்ஸ் முடிஞ்சு குறைஞ்சது 4 வாரம் கழிச்சுதான் கிருமி போச்சான்னு திரும்ப ஊதிப் பாக்கணும், அதுக்குள்ள நாம கிளம்பிருவோம். அந்த டெஸ்டுக்கு சீட்ட இப்பவே எழுதி வாங்கி தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன், ஆசிட் மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு அதுலயே டாக்டர் தேதி போட்டிருக்காரு.